முதல் பதிப்பே வராத புத்தகம்

1936 ஜூலை மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வில்லிஸ் கோனோவர் என்ற 15 வயதுப் பையனுக்கு ஒரு சந்தேகம். அவன் விழுந்து விழுந்து படிக்கும் பேய்க்கதை எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட். அவர் கதைகளில், படித்தால் புத்தி பேதலித்துப்போகும் சில புத்தகங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. அவையெல்லாம் நிஜமாகவே எங்காவது இருக்கின்றனவா? பையன் கேட்டுவிட்டான். லவ்கிராஃப்டும் சுற்றி வளைக்காமல் பதில் போட்டார். பெரும்பாலானவை கற்பனை. ‘நெக்ரோனோமிகான்’ என்றொரு புத்தகம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை எழுதியதாகச் சொல்லப்படும் அப்துல் அல்ஹஸ்ரத் என்ற அரபியும் இருந்ததில்லை. இரண்டு பெயருமே தன் கைச்சரக்கு.

(இந்தக் கோனோவர்தான் பின்னாளில் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி, சோவியத் நாட்டுக்காரர்களை ராத்திரியில் ரேடியோவோடு ஒட்ட வைத்தவர். அது தனிக் கதை.)

அதே வருஷம் ஜேம்ஸ் பிளிஷ் என்ற இன்னொரு பையன் ஒரு நண்பனோடு சேர்ந்து வேறொரு யோசனை சொன்னான். புத்தகம் இல்லையென்றால் என்ன, நீங்களே எழுதிவிட வேண்டியதுதானே? லவ்கிராஃப்டுக்குச் சபலம் இருந்தது, துணிச்சல் இல்லை. கதைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்ட ஜாடையைப் பார்த்தே நடுங்கியவர்கள், முழுப் புத்தகத்தைக் கையில் வாங்கினால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள் என்று பதில் எழுதினார். அடுத்த மார்ச் 15 அன்று, 46 வயதில், கையில் காசில்லாமல் குடல் புற்றுநோயில் இறந்துபோனார். எழுத மறுத்ததுதான் அந்தப் புத்தகத்துக்கு அவர் செய்த மிகப் பெரிய உபகாரம்.

நெக்ரோனோமிகானில் சாபம் ஏதும் கிடையாது. அட்டையைத் திறந்தவுடன் பூதம் குதிக்காது. மகாபாரதத்தை முழுக்க வீட்டில் வைத்துப் படித்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்று நம் ஊரில் சொல்வதுண்டே, அந்த மாதிரி சகவாச தோஷமும் இல்லை. அதில் இருப்பதெல்லாம் தகவல். மனிதன் தோன்றுவதற்கு முன்னால் இந்தப் பூமி வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தது. அவர்கள் இன்னும் சாகவில்லை. வேளை வந்தால் திரும்பி வருவார்கள். வரும்போது நம்மை எறும்பு அளவுக்குக்கூட மதிக்க மாட்டார்கள். இதை ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொண்டவன் அதன் பிறகு நிம்மதியாக எப்படிச் சாப்பிட்டுத் தூங்க முடியும்? லவ்கிராஃப்டின் பேய்க்கதை மற்றவர்களுடையதிலிருந்து விலகும் இடம் இதுதான். அவருடைய ஆட்கள் பாவம் செய்து கெடுவதில்லை, படித்துக் கெடுகிறார்கள்.

அந்த அரபியின் பெயர் புத்தகத்தைவிட மூத்தது. அஞ்சு வயதில் ‘ஆயிரத்தோரு இரவுகள்’ கதைகளைப் படித்துவிட்டுத் தன்னை ஒரு அரபி என்றே சொல்லிக்கொண்டு திரிந்த சிறுவன் லவ்கிராஃப்ட், அப்போது சூட்டிக்கொண்ட விளையாட்டுப் பெயர் அப்துல் அல்ஹஸ்ரத். 1921-ல் ‘பெயரில்லாத நகரம்’ என்ற கதையில் அந்தப் பெயரை ஒரு கிறுக்குக் கவிஞனுக்குத் தூக்கிக் கொடுத்தார். மறுவருஷம் எழுதிய ‘வேட்டைநாய்’ கதையில் அந்தக் கவிஞனின் புத்தகத்துக்கும் பெயர் கிடைத்தது. பெயர் கனவில் வந்தது என்பது அவர் சொன்ன கதை. ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மலிவு விலைப் பத்திரிகை 1924-ல் அதை அச்சில் ஏற்றியது.

இதுவரை நடந்தது எந்தக் கதாசிரியரும் செய்யக்கூடியதுதான். 1927-ல் லவ்கிராஃப்ட் செய்த வேலைதான் வித்தியாசமானது. புத்தகத்தின் வரலாற்றை ஒரு சின்னக் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டார். கதையாக அல்ல. தூசி தட்டும் நூலகர் ஒருவர் பதிவேட்டில் எழுதுவது போல, ஆண்டு போட்டு, உணர்ச்சியே இல்லாமல். டமாஸ்கஸில் கி.பி. 730 வாக்கில் ‘அல் அஸிஃப்’ என்ற பெயரில் எழுதப்பட்டது. 738-ல் ஆசிரியர் பட்டப்பகலில், தெருவில் பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றால் தின்னப்பட்டார். 950-ல் கிரேக்க மொழிபெயர்ப்பு. 1050-ல் கான்ஸ்டாண்டிநோபிளின் திருச்சபைத் தலைவர் மிக்கேல் அதை எரிக்கச் செய்தார். 1228-ல் லத்தீன் மொழிபெயர்ப்பு. 1232-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி தடை விதித்தார். மிஞ்சியிருக்கும் லத்தீன் பிரதிகள் பிரிட்டிஷ் மியூசியம், பாரிஸ் தேசிய நூலகம், ஹார்வர்டின் வைடனர் நூலகம், பியூனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. கூடவே ஆர்க்கம் ஊரின் மிஸ்கடோனிக் பல்கலைக்கழகத்திலும்.

கடைசியாகச் சொன்ன ஊரும் பல்கலைக்கழகமும் மட்டும்தான் கற்பனை. மற்ற நான்கும் இன்றைக்கும் இருக்கிற நிறுவனங்கள். 1232-ல் போப்பாக இருந்தவர் உண்மையிலேயே ஒன்பதாம் கிரிகோரிதான். 1050-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் திருச்சபைத் தலைவராக இருந்தவர் உண்மையிலேயே ஒரு மிக்கேல்தான். சந்தேகப்பட்டுக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டுகிற வாசகனுக்கு ஆண்டுகள் பொருந்திவரும். பொருந்தியதும் மீதியையும் நம்பிவிடுவான். சொத்துத் தகராறில் பொய்ப் பத்திரம் தயாரிப்பவர்களுக்கு இந்த வித்தை தெரியும்: சர்வே எண்ணும் எல்லைகளும் சரியாக இருக்க வேண்டும், கையெழுத்து மட்டும் பொய்யாக இருந்தால் போதும்.

ஓரிடத்தில் சறுக்கினார். லத்தீனில் மொழிபெயர்த்தவர் என்று அவர் எழுதிய ஒலாஸ் வார்மியஸ் நிஜ மனிதர். ஆனால் வாழ்ந்தது 13-ஆம் நூற்றாண்டில் இல்லை. 1588-ல் பிறந்து 1654-ல் இறந்த டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் அவர். மண்டையோட்டுத் தையல்களுக்கு நடுவே சிலருக்கு இருக்கும் குட்டி எலும்புகளுக்கு அவர் பெயரைத்தான் மருத்துவப் புத்தகங்கள் வைத்திருக்கின்றன. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று ஐரோப்பா முழுக்கப் பொன் விலைக்கு விற்ற சமாசாரம், நார்வால் என்ற கடல் விலங்கின் தந்தம்தான் என்று போட்டு உடைத்தவர். ஒரு மூடநம்பிக்கையைத் தோலுரித்த மனிதரைப் பிடித்து, அவர் பிறப்பதற்கு 360 வருஷங்களுக்கு முன்பே பேய்ப் புத்தகத்தை மொழிபெயர்க்க உட்காரவைத்துவிட்டார் லவ்கிராஃப்ட்.

1929-ல் வெளிவந்த ‘டன்விச் பயங்கரம்’ கதையில் புத்தகம் நடு நாயகமாக வருகிறது. வில்பர் வேட்லி என்ற கிராமத்து இளைஞனிடம் அதன் ஆங்கிலப் பிரதி ஒன்று இருக்கிறது. ஆனால் சிதைந்த பிரதி. 751-ஆம் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு பகுதி அவனுக்குத் தேவை. (பக்க எண்ணைக் கவனியுங்கள்! ‘ஒரு பழைய ஏட்டில்’ என்று எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.) லத்தீன் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க மிஸ்கடோனிக் நூலகத்துக்கு வருகிறான். முதிய நூலகர் ஹென்றி ஆர்மிட்டேஜ் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அவன் எதைப் பிரதியெடுக்கிறான் என்று படித்துவிடுகிறார். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்கிறான், மறுக்கிறார். அதோடு விடாமல் மற்ற நூலகங்களுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறார். ஹார்வர்டிலும் வில்பருக்குக் கைவிரித்துவிடுகிறார்கள். கடைசியில் ராத்திரியில் நூலகத்தின் ஜன்னலை உடைத்து நுழைபவனைக் காவல் நாய் கடித்துக் குதறிவிடுகிறது. வில்பரைத் தடுத்தது மந்திரவாதியோ பாதிரியாரோ அல்ல, ‘வெளியே எடுத்துச்செல்ல அனுமதி இல்லை’ என்ற நூலக விதி. நூலகர்களை இவ்வளவு கௌரவப்படுத்திய பேய்க்கதை வேறு இல்லை.

வித்தையின் இன்னொரு பாதி, பொய்யை எங்கே வைப்பது என்பது. 1923-ல் எழுதிய ‘பண்டிகை’ கதையில் ஒருவன் ஒரு பழைய வீட்டில் காத்திருக்கிறான். பக்கத்தில் அடுக்கியிருக்கும் புத்தகங்களை நோட்டம் விடுகிறான். நான்கு புத்தகங்கள். ஒன்று ஆம்புரோஸ் பியர்ஸ் என்ற எழுத்தாளர் தன் கதையில் கற்பனை செய்தது. அதைக் கடன் வாங்கியிருக்கிறார். ஒன்று நெக்ரோனோமிகான். மற்ற இரண்டும் அசல். ஜோசப் கிளான்வில் எழுதி 1681-ல் வெளிவந்த சூனியக்காரிகளைப் பற்றிய நூல். நிக்கோலா ரெமி எழுதி 1595-ல் பிரான்சின் லியோன் நகரில் அச்சான ‘டெமனோலாட்ரியா’.

கதை படிப்பவர்கள் நெக்ரோனோமிகானைப் பார்த்து நடுங்குகிறார்கள். நடுங்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் புத்தகங்களைப் பார்த்து.

ரெமி, லொரேன் பிரதேசத்தின் தலைமை அரசு வழக்கறிஞர். சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்து எரிக்க அனுப்பியவர். அவர் புத்தகத்தின் முகப்புப் பக்கமே, ஏறக்குறைய 900 பேரின் மரண தண்டனை வழக்குகளிலிருந்து திரட்டியது என்று பெருமை பேசுகிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைப் புத்தகத்தின் தகுதியாக விளம்பரம் செய்யலாம் என்று ஒரு படித்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? உள்ளே இருப்பவை சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்கள். அதைப் படித்த அடுத்த ஊர் நீதிபதிக்கு, சூனியக்காரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. கேட்டதற்கு ஏற்ற பதில் சித்திரவதையில் வந்துவிடும். பதில் பொருந்துவதைப் பார்த்ததும் புத்தகம் உண்மை என்று ஆகிவிடும்.

கிளான்வில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர், அறிவியல் ஆர்வலர். பேய் பிசாசு இல்லையென்றால் ஆவியும் கடவுளும் இல்லையென்று நாத்திகர்கள் சொல்லிவிடுவார்களே என்ற கவலையில் சாட்சியங்களைத் திரட்டினார். அந்த நூல் அட்லாண்டிக் கடந்து போய், காட்டன் மாதர் என்ற பாஸ்டன் பாதிரியாருக்கு நிரம்பப் பிடித்துப்போனது. 1692-ல் சேலத்தில் (நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். தீர்ப்புகளுக்கு வக்காலத்து வாங்கி மாதரே ஒரு புத்தகம் எழுதினார். சொந்தக்காரனின் புத்தியைக் கெடுக்கும் புத்தகம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், ஆதாரத்தோடு சொல்லக்கூடியவை இவை. நெக்ரோனோமிகான் அவற்றுக்கு நடுவே அப்பாவியாக உட்கார்ந்திருக்கிறது.

புத்தி பேதலிப்பது லவ்கிராஃப்டுக்கு வெறும் கதைச் சரக்கு அல்ல. அவருக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்பே, 1893-ல், வெள்ளிப் பாத்திர நிறுவனமொன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த அப்பா வெளியூர் ஓட்டலில் சித்தம் கலங்கிப் பிதற்றத் தொடங்கினார். ப்ராவிடன்ஸின் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1898-ல் அங்கேயே இறந்தார். முற்றிய சிஃபிலிஸ் மூளையைப் பாதித்ததுதான் காரணம் என்பது இன்று பெரும்பாலோரின் முடிவு. 1919-ல் அம்மாவையும் அதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. 1921-ல் அவரும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அல்ஹஸ்ரத் என்ற பெயர் முதன்முதலில் கதைக்குள் நுழைந்ததும் அதே வருஷம். இந்த இரண்டையும் கோத்து மனோதத்துவம் பேசுவது சுலபம், ருசுப்படுத்துவது கஷ்டம். ஆனாலும் அவர் கதைகளில் பித்து என்பது வெளியிலிருந்து, ஒரு புத்தகத்திலிருந்து வந்து தொற்றுகிறது. ரத்தத்திலிருந்து வருவது அதைவிடப் பயங்கரமான விஷயமாக, வேறு கதைகளில் தனியே வருகிறது. எதைப் பார்த்து அவர் அதிகம் பயந்தார் என்று யூகிக்கலாம்.

அந்த ரத்தப் பயத்துக்கு அசிங்கமான இன்னொரு முகமும் உண்டு. நியூயார்க்கில் இருந்த இரண்டு வருஷங்களில் வந்தேறிகளைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் படிக்கக் கூசும் ரகம். உலகின் மிக விபரீதமான புத்தகத்தை எழுதியவன் ஒரு ‘கிறுக்கு அரபி’யாக இருந்தது சிறுவயது விளையாட்டின் மிச்சம் மட்டும்தானா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். உலக ஃபேன்டசி விருதுக்கு அவர் முகத்தைச் சிலையாகக் கொடுத்துவந்த வழக்கம் 2015-ல் நிறுத்தப்பட்டது.

புத்தகத்தைக் காட்டாமலே பயமுறுத்தும் உபாயத்தில் லவ்கிராஃப்ட் முதல் ஆள் இல்லை. பாரிஸில் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் டபிள்யூ. சேம்பர்ஸ் 1895-ல் ‘மஞ்சள் உடை மன்னன்’ என்ற கதைத் தொகுப்பை வெளியிட்டார். கதைகளுக்குள் அதே பெயரில் ஒரு நாடகப் புத்தகம் வருகிறது. இரண்டே அங்கங்கள். முதல் அங்கம் சாது. இரண்டாவதைப் படித்தவர்கள் தேறுவதில்லை.

முதல் கதையின் நாயகன் ஹில்ட்ரெட் அதைப் படிக்கிற இடம் ஒரு பாடம். முதல் அங்கம் முடிந்ததும் அவனுக்கே போதும் என்று தோன்றுகிறது. எழுந்து புத்தகத்தைக் கணப்பு அடுப்பில் வீசுகிறான். கம்பியில் பட்டு வெளியே விழுந்து, நெருப்பு வெளிச்சத்தில் திறந்துகொள்கிறது. இரண்டாம் அங்கத்தின் முதல் சொற்கள் கண்ணில் பட்டுவிடுகின்றன. பாய்ந்து எடுத்துக்கொள்கிறான். அந்தச் சொற்கள் என்ன என்று சேம்பர்ஸ் சொல்வதே இல்லை. அதன் பிறகு அமெரிக்கப் பேரரசின் சிம்மாசனமே தனக்குச் சொந்தம் என்று ஹில்ட்ரெட் நம்புகிறான். இரும்புப் பெட்டகத்தில் வைர கிரீடத்தைப் பூட்டி வைத்திருக்கிறான். அத்தை மகனோ சித்தப்பா மகனோ, லூயி என்ற உறவுக்காரன் ஒருநாள் வந்து, அந்தப் பெட்டகத்தை பிஸ்கட் டப்பா என்கிறான். வாசகனுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. இவ்வளவு நேரமும் பைத்தியத்தின் கண் வழியாகவா பார்த்துக்கொண்டிருந்தோம்? ஹில்ட்ரெட் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன் என்ற தகவலும் தொடக்கத்திலேயே இருக்கிறது. கெடுத்தது புத்தகமா, அடியா? சேம்பர்ஸ் வாயைத் திறப்பதில்லை. பிறகு காதல் நாவல்கள் எழுதிப் பணக்காரராகிவிட்டார். 2014-ல் ‘ட்ரூ டிடெக்டிவ்’ தொலைக்காட்சித் தொடர் அந்த மன்னனை வசனங்களில் இழுத்துவிட்டதும், 119 வருஷப் பழைய தொகுப்பு இணையக் கடைகளில் திடீரென்று விற்றுத் தள்ளியது.

மஞ்சள் நிறத்துக்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் விவகாரமான பிரெஞ்சு நாவல்கள் மஞ்சள் அட்டையில் வரும். ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே கெட்டுப்போவதும் ஒரு மஞ்சள் புத்தகத்தால்தான். அதை ஒன்பது பிரதிகள் வரவழைத்து, மனநிலைக்கு ஏற்றபடி வெவ்வேறு நிறத்தில் பைண்டு செய்து வைத்துக்கொள்கிறான். 1895 ஏப்ரலில் வைல்ட் கைதானபோது கையில் மஞ்சள் அட்டைப் புத்தகம் இருந்தது என்று செய்தி பரவ, ‘தி யெல்லோ புக்’ என்ற சம்பந்தமில்லாத பத்திரிகையின் அலுவலக ஜன்னலில் கல் விழுந்தது.

சேம்பர்ஸ் காட்டாமல் விட்ட நாடகத்தை எழுதிப் பார்க்கும் ஆசை ஒருவருக்கு வந்தது. லவ்கிராஃப்டைச் சிறுவயதில் நச்சரித்த அதே ஜேம்ஸ் பிளிஷ், பெரிய விஞ்ஞானக் கதை எழுத்தாளராகிவிட்ட பிறகு. 1970-ல் வந்த ‘மோர் லைட்’ கதையில், லவ்கிராஃப்ட் தபாலில் அனுப்பிவைத்த நாடகப் பிரதி என்று சொல்லி, ‘மஞ்சள் உடை மன்னன்’ நாடகத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினார். ஆனால் கெட்டிக்காரர். கதைக்குள் அதைப் படிப்பவர்களால் கடைசிப் பக்கம்வரை போக முடிவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தப் பழைய பதில் கடிதத்திலிருந்து கற்றிருந்தார்.

மற்றவர்கள் கற்கவில்லை. 1973-ல் எழுத்தாளர் எல். ஸ்பிரேக் டி கேம்ப் முன்னுரையோடு ‘அல் அஸிஃப்’ 348 பிரதிகள் மட்டும் அச்சானது. இராக்கில் கிடைத்த சுவடி என்றும், மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக மாயமானார்கள் என்றும் முன்னுரை கதை விட்டது. உள்ளே இருந்தவை யாராலும் படிக்க முடியாத வெற்றுக் கிறுக்கல்கள், அதுவும் அதே சில பக்கங்கள் மறுபடி மறுபடி. வெளிவந்த போலிகளில் நேர்மையானது இதுதான், ஏனென்றால் அதிலும் ஒன்றுமே எழுதவில்லை. 1978-ல் ஜார்ஜ் ஹே பதிப்பித்தது இன்னொன்று. கம்ப்யூட்டர் வைத்து, ஜான் டீ என்ற பழைய ஆங்கிலேய மாந்திரீகரின் சங்கேதத்தை உடைத்துக் கண்டெடுத்ததாகக் கதை கட்டினார்கள். முன்னுரை எழுதிய காலின் வில்சன், எல்லாம் வேடிக்கைக்குச் செய்தது என்று பிறகு அவரே எழுதிவிட்டார்.

சிரிப்பு வராத ரகம் 1977-ல் நியூயார்க்கின் ஒரு மாந்திரீகப் புத்தகக் கடை வட்டாரத்திலிருந்து வந்தது. தொகுத்தவர் பெயர் ‘சைமன்’. முதலில் தோல் அட்டையில் 666 பிரதிகள்; எண்ணே விளம்பரம். 1980-ல் சல்லிசு விலைப் பேப்பர்பேக். அன்றிலிருந்து அது கடை அலமாரியைவிட்டு இறங்கவே இல்லை. சுமேரியப் புராணங்களை எடுத்து, லவ்கிராஃப்டின் பூதங்களோடு ஒட்டி, இதிலுள்ள சக்திகளை அழைத்தால் திருப்பி அனுப்ப வழி கிடையாது என்று எச்சரிக்கையும் சேர்த்திருந்தார்கள். எச்சரிக்கைக்காகவே வாங்கினார்கள் பள்ளிப் பிள்ளைகள். 1980-களில் அமெரிக்கப் பெற்றோர்களைச் சாத்தான் வழிபாட்டுப் பீதி ஆட்டிப்படைத்தபோது, பிள்ளையின் அறையில் இந்தப் புத்தகம் அகப்பட்டாலே போதும் என்ற நிலை. உள்ளே படித்துப் பார்த்தால், சம்பிரதாயப் பூசை முறைகளும் வாயில் நுழையாத பெயர்களும் அலுப்புத்தட்டும் அளவுக்கு இருக்கின்றன. லவ்கிராஃப்ட் பயந்தது இதற்குத்தான்.

குறும்புக்கார மாணவர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களின் கேட்டலாக் இழுப்பறைகளில், ஆசிரியர் பெயர், அச்சான ஊர், அழைப்பு எண் எல்லாம் தட்டச்சு செய்த பொய் அட்டைகளைச் செருகிவிட்டுப் போனார்கள். பழைய புத்தக வியாபாரிகளின் விற்பனைப் பட்டியல்களில்கூட லத்தீன் பிரதி, லேசாகக் கறைபட்டது, விலை இவ்வளவு என்று தமாஷுக்கு இடம் பிடித்தது. லவ்கிராஃப்ட் காகிதத்தில் எழுதிய நூலகப் பதிவு, நிஜ நூலகத்துக்குள் குடியேறிவிட்டது. இந்தப் புத்தகத்தின் வாழ்க்கையில் மிகப் பொருத்தமான காரியம் இதுதான் என்று தோன்றுகிறது. பயமே அந்த அட்டையில்தானே இருந்தது.

நூலகத்தை நிர்வாகம் செய்த ஒரு கதாசிரியரும் இந்த விஷயத்துக்கு வந்தார். 1955 முதல் 1973 வரை அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநராக இருந்த போர்ஹெஸ். 1975-ல் வெளிவந்த ‘மணல் புத்தகம்’ தொகுப்பில் லவ்கிராஃப்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கிய கதையும் ஒன்று உண்டு. ஆனால் லவ்கிராஃப்டுக்குச் சரியான பதில் தலைப்புக் கதைதான். பியூனஸ் அயர்ஸில் தனியாக வாழும் ஒருவரிடம் பைபிள் விற்பவர் ஒருவர் வருகிறார். அவர் எடுத்து வைக்கும் புத்தகத்துக்கு முதல் பக்கமும் கிடையாது, கடைசிப் பக்கமும் கிடையாது. முதல் பக்கத்தைத் திறக்கப் போனால் அட்டைக்கும் கைக்கும் நடுவே பக்கங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை பார்த்த பக்கம் மறுபடி அகப்படாது. ஓய்வூதியப் பணத்தையும் அருமையான ஒரு பழைய பைபிளையும் கொடுத்து வாங்குகிறார். அவ்வளவுதான். சிநேகிதர்களைப் பார்ப்பது நிற்கிறது, வெளியே போவது நிற்கிறது, தூக்கம் போகிறது. பூதக்கண்ணாடி வைத்து அட்டையை ஆராய்கிறார், படங்களைக் குறித்துவைக்கிறார். யாராவது திருடிவிடுவார்களோ என்று ஒரு பயம், உண்மையிலேயே முடிவில்லாததா என்று இன்னொரு பயம். எரித்துவிடலாம் என்றால், முடிவில்லாத புத்தகத்தின் புகையும் முடிவில்லாமல் உலகத்தை மூடிவிடுமே! கடைசியில் தேசிய நூலகத்தின் அடித்தளத்தில், ஈரமான ஓர் அலமாரியில், எந்த இடம் என்று கவனிக்காமலே செருகிவிட்டு வருகிறார். பேய் இல்லை, ரத்தம் இல்லை, அண்டவெளி அசுரர்கள் இல்லை. புத்தகப் பைத்தியம் உள்ள எவரும் ஓரளவு அனுபவித்த வியாதிதான். லவ்கிராஃப்டைவிட போர்ஹெஸ் கதை ஏன் நெருக்கமாக உறுத்துகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எழுதவும் கூடாது, காட்டவும் வேண்டும் என்ற சிக்கலுக்கு நல்ல வழி கண்டுபிடித்தவர் ஒரு விளையாட்டு வடிவமைப்பாளர். 1981-ல் சாண்டி பீட்டர்சன் லவ்கிராஃப்டின் கதைகளை வைத்து உருவாக்கி கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதூலு’, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடுவது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் புத்தித்தெளிவுக்கு இவ்வளவு என்று புள்ளிகள் உண்டு. நெக்ரோனோமிகான் போன்ற புத்தகம் அகப்பட்டால் படிக்கலாம். லத்தீன் பிரதியை முழுக்கப் படித்துப் புரிந்துகொள்ள ஆட்டக் கணக்கில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். படித்து முடித்ததும் பகடை உருட்டி, விழுந்த எண்ணைத் தெளிவிலிருந்து கழிக்க வேண்டும். பதிலுக்கு, மறைந்த உண்மைகளைப் பற்றிய அறிவுப் புள்ளி ஏறும். விதியின் விஷமம் அடுத்த வரியில் இருக்கிறது: அந்த அறிவு எவ்வளவோ, அதை 99-லிருந்து கழித்தால் வருவதுதான் இனி உங்கள் தெளிவின் உச்சவரம்பு. ஓய்வெடுத்தாலும் வைத்தியம் பார்த்தாலும் அதற்கு மேல் ஏறாது.

புள்ளி பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் பாத்திரத்தின் தாளை ஆட்டத்தை நடத்தும் ‘கீப்பர்’ வாங்கிக்கொள்வார். இனி அது அவருடைய ஆள். விதி எல்லோருக்கும் தெரியும். இருந்தும், பரணில் ஒரு தோல் அட்டைப் புத்தகம் கிடக்கிறது என்று கீப்பர் சொன்னால் பிரிக்காமல் விடுகிற ஆட்டக்காரர்கள் குறைவு. விட்டாலும் ஆட்டம் நகராது; பூதத்தைத் திருப்பி அனுப்பும் உபாயம் பெரும்பாலும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கும். யார் படிப்பது என்று கூடிப் பேசி, இருப்பவர்களில் தெளிவுப் புள்ளி அதிகம் மிச்சமுள்ள ஆளிடம் தள்ளிவிடுவார்கள்.